காரணம் எழுத ஒரு கோடு

தோ பாயோவில், மூன்றாம் மாடியில்,
4071 என்று திரை கூப்பிட்டது.
எழுந்தேன். பையும் கூடவே எழுந்தது.
பையை வைத்துவிட்டு எழும் பழக்கம்
மார்ச் மாதத்தோடு போய்விட்டது.

படிவத்தில் எல்லாவற்றுக்கும் பெட்டி உண்டு.
அடையாள எண்ணுக்கு ஒன்பது,
பிறந்த தேதிக்கு எட்டு.
காரணத்துக்கு மட்டும் ஒரு கோடு,
என் சுண்டுவிரல் நீளம்.
வைத்துப் பார்த்தேன்.

'வீடு போய்விட்டது' என்று எழுதியிருந்தேன்.
முகப்பில் இருந்தது தமிழ்ப் பிள்ளை,
பெயர்ப் பட்டையில் இளவேனி.
"தானா போகாதே, அங்கிள்" என்றாள்,
கேலியாக இல்லை, தேடுகிற குரலில்.
அவள் கணினியில் வேறு சொல் இருந்தது:
விற்றார்.

செய்வினை. எழுவாய் நான்.
(இன்னொரு அர்த்தத்திலும் செய்வினைதான் என்பாள் தங்கை.
அவள் வீட்டுக் கூடத்தில் மூன்று மாதம் படுத்தேன்.
மருமகன் வந்ததும் கூடம் சிறுத்துவிட்டது.
அதைப் படிவம் கேட்கவில்லை.)

திரையைத் திருப்பித் தொகையைக் காட்டினாள்.
அந்தப் பணத்தை முழுசாக நான் பார்த்தது
அன்றைக்குத்தான்.
வங்கிக்குப் போனது, சேமநிதிக்குத் திரும்பியது,
மிச்சம் தம்பி பரமானந்தனுக்கு.
அவன் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றியவர்கள்
லிஃப்ட் சுவரில் என் வீட்டு எண்ணையும்
எழுதிவிட்டுப் போயிருந்தார்கள், பிழையில்லாமல்.
'விற்றேன்' என்ற சொல்லுக்குள்
இத்தனை பேர் நெருக்கி நின்றிருந்தோம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

"விக்க வச்சாங்கன்னு போடலாமா?"
"அப்படி ஒண்ணு இல்ல, அங்கிள்.
வெளியேத்திட்டாங்கன்னு இருக்கு. தீ விபத்து இருக்கு.
அடிச்சாங்கன்னா இப்பவே ஆளைக் கூப்பிடுவேன்.
வித்தவங்களுக்கு முப்பது மாசம்."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"மேல்முறையீடு எழுதிப் பாருங்க.
புதன்கிழமை எம்பி உக்காருவாரு."
பேனாவை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.
நல்ல பேனா.

புளோக்கின் கீழே என்னோடு கிடந்த கூ
என்னைவிட நல்ல காரணம் வைத்திருந்தான்.
சிறையிலிருந்து வந்தவன்.
சமூக ஊழியர் ஒருவர் இரண்டு பக்கம் எழுதித் தந்தார்.
மார்சிலிங்கில் ஓர் அறை வீடு, வாடகைக்கு.
போகும்போது தன் அட்டை விரிப்பை என்னிடம் நீட்டி
"நீயும் ஏதாவது பண்ணிட்டு வா" என்றான் மலாயில்.
சிரித்தோம்.
அவன் முதலில் நிறுத்தினான்.

ஐஸ்பெட்டி வந்த அட்டை அது.
'இந்தப் பக்கம் மேலே' என்று ஓர் அம்பு.
அந்தப் பக்கம் தலை வைக்கிறேன்.

அதுவும் பகலில்தான். வேலை இரவில்.
நொவீனாவில் ஒரு கொண்டோ, காவல் கூண்டு,
என் பொறுப்பில் ஒரு பதிவேடு:
பெயர், வண்டி எண், வீட்டு எண்,
கடைசியில் வந்த காரணம்.
அடிக்கோல் வைத்துக் கோடு போடுவது நான்.
இத்தனை நாளும் சுண்டுவிரல் நீளம்தான்
விட்டு வந்திருக்கிறேன்.

சாப்பாடு. சாப்பாடு. பார்சல். டியூஷன். சாப்பாடு.
பையைத் திறந்து பார்த்ததில்லை ஒருநாளும்.

நேற்று இரண்டரை மணிக்கு ஒருத்தி,
வீட்டுச் செருப்போடு,
உறை போடாத தலையணையைக் கட்டிக்கொண்டு.
பதினொன்றாம் மாடியில் அக்கா என்றாள்.
மணி அடித்தேன். எடுக்கவில்லை.
மறுபடி அடித்தேன்.
எடுக்காவிட்டால் விடக்கூடாது.
தகடு அடித்து மாட்டியிருக்கிறார்கள்,
நான்கு மொழியிலும்.

பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.
"இதுல என்ன எழுதணும்?"
கேட்டுவிட்டு அவளே சொல்லத் தொடங்கினாள்,
ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து.
கையைக் காட்டி நிறுத்தினேன்.
கோடு அதைத் தாங்காது.

முகப்புக்கூடத்தில் நீளமான சோபா இருக்கிறது,
நடுவில் கைப்பிடி வைக்காதது.

இளவேனியின் பேனாவால்
'சாப்பாடு' என்று எழுதி
கதவைத் திறந்துவிட்டேன்.